பனி உருகிய பிறகும் ரிஃப்ளெக்டர் பழையபடி மின்னவில்லை, திசையைத் திருப்பலாமா?

பனித்தடம்:

வணக்கம். சென்டினல்-1 செயற்கைக்கோளின் படங்களைச் சரிபார்க்க இரண்டு கார்னர் ரிஃப்ளெக்டர்கள் நிறுத்தியிருக்கிறோம். மூன்று தகடுகள் செங்குத்தாகச் சேரும் மூலை இது, செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலையை வந்த வழியே திருப்பிவிடும், படத்தில் பளிச்சென்ற புள்ளியாகத் தெரியும். முக்கோண அலுமினியத் தகடுகள், உள்விளிம்பு 1.5 மீட்டர், கால்கள் இரும்பு. குளிர்காலத்தில் மைனஸ் 35 வரை இறங்கும் இடம்.

கணக்குப்படி சி-பேண்டில் (இந்தச் செயற்கைக்கோளின் ரேடார் அலைவரிசை) இதன் ரேடார் குறுக்குப்பரப்பு, அதாவது ரேடாருக்கு இது எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்ற அளவு, சுமார் 6,900 சதுர மீட்டர், அதாவது 38.4 டெசிபெல் வர வேண்டும். நிறுத்திய புதிதில் இரண்டிலுமே ஏறக்குறைய அதுதான் வந்தது. நடுக்குளிரில் உள்ளே பனி கிடந்தபோதும் பெரிதாக மாறவில்லை. முதல் உருகலில் இரண்டுமே சடாரென்று இறங்கின. ஈரப்பனி ரேடார் அலையைக் குடித்துவிடும் என்பது தெரியும், அதனால் கவலைப்படவில்லை. இப்போது தகடுகள் காய்ந்து சுத்தமாக இருக்கின்றன. ஒன்று பழைய நிலைக்கு வந்துவிட்டது, மற்றது இன்னும் 2 டெசிபெல் குறைவாகவே நிற்கிறது.

திசை விலகிவிட்டதோ என்று திசைகாட்டியை வைத்து இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். செயற்கைக்கோள் அதே பாதையில் திரும்பி வரவேண்டும் என்பதால் ஒவ்வொரு தடவையும் பலன் தெரிய 12 நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மறுபடி திருப்பலாமா? குளிர்காலத்தில் நீங்கள் பனியை எப்படி அகற்றுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

ரசமட்டம்:

தயவுசெய்து இனிமேல் திருப்பாதீர்கள். முக்கோண ரிஃப்ளெக்டர் திசை விஷயத்தில் ரொம்பவே தாங்கும். பதில் சிக்னல் பாதியாகக் குறைவதற்குள் அதற்கு ஏறக்குறைய 40 பாகை அகலம் இருக்கிறது. நாலைந்து பாகை தப்பினால் 2 டெசிபெல் போகாது. அது தாங்காதது ஒன்றுதான்: தகடுகளுக்கு நடுவே இருக்கும் 90 பாகை. உங்கள் 1.5 மீட்டர் தகடு ஒரே ஒரு பாகை சாய்ந்தால் அதன் வெளிவிளிம்பு 26 மி.மீ. நகர்கிறது. உங்கள் அலைநீளமே 55 மி.மீ. தான். அலை போய்த் திரும்பும் கணக்கில் இது எவ்வளவு பெரிய விலகல் என்று பாருங்கள்.

ஒன்பது குளிர்காலம் இந்த வேலை பார்த்தேன். மூன்றாவது வருடம் எனக்கும் இதேதான் நடந்தது. நானும் முதலில் கோணமானியைத்தான் எடுத்தேன். ஒரு நாள் சாயங்காலம் இருட்டும் நேரத்தில் உடன் வந்தவர் ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் டார்ச் அடித்தார். முன்னால் குனிந்து நின்ற எனக்கு அடித்தகடும் இடத்தகடும் சேரும் இடத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தது. மூலைக்குப் பக்கத்தில் நகக்கண் அகலம், வெளியே வரவர ஒன்றுமில்லை. பகலில் பத்துத் தடவை பார்த்தும் கண்ணில் படாத இடைவெளி அது.

காரணம் வடிகால் துளை. அடித்தகடு தரைக்கு மட்டமாக இருந்தால் ரிஃப்ளெக்டரின் பார்வை தரையிலிருந்து 35.3 பாகை மேலே இருக்கும். படுகோணம் (செங்குத்துக் கோட்டிலிருந்து அலை சாய்ந்து வரும் கோணம்) 37 பாகை என்றால் செயற்கைக்கோள் 53 பாகை உயரத்தில் நிற்கிறது. அதனால் முன்பக்கத்தைச் சுமார் 18 பாகை தூக்கி வைக்கிறோம். அப்போது உள்மூலைதான் எல்லாவற்றிலும் தாழ்ந்த இடம், உருகின நீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். எங்கள் துளையை ஊசியிலைச் சருகு அடைத்திருந்தது. பகலில் உருகும், இரவில் உறையும், மறுநாள் மேலே இன்னும் கொஞ்சம் நீர். உறையும்போது நீர் 9% பெருக்கிறது. முஷ்டி அளவு பனிக்கட்டிதான், ஆனால் மூன்று தகடுகளும் சேரும் இடத்தில் உட்கார்ந்து ஆப்பு மாதிரி வேலை செய்துவிட்டது. வசந்தத்தில் அது உருகிப் போய்விட்டது. ரிவெட்டுகள் இழுபட்ட இடம் மட்டும் அப்படியே நின்றது.

எனவே முதலில் பெரிய மூலைமட்டத்தை எடுத்து மூன்று மூட்டுகளிலும் வையுங்கள். மூலைக்குப் பக்கத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, விளிம்பருகே ஒரு தடவை. தகட்டின் நடுப்பகுதி வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்தும் பாருங்கள்.

பனியை அகற்றுவது பற்றி. மென்மையான தூரிகை, உள்ளிருந்து வெளியே. இரும்பு மண்வெட்டி வேண்டவே வேண்டாம், ஒரு பள்ளம் விழுந்தால் அது நிரந்தரம். அடித்தகட்டின் மேல் முழங்கால் ஊன்றாதீர்கள், பக்கவாட்டில் நின்று எட்டும் தூரம் போதும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். வெந்நீர் ஊற்றினால் அது ஓடிப்போய் மூலையிலேயே உறையும். ஒட்டிக்கொண்ட பனிக்கட்டியைத் தட்டிப் பெயர்க்காமல் வெயில் வரும்வரை விட்டுவிடுவதே மேல். அன்றைய படம் கெட்டால் அந்த ஒரு படத்தோடு போகும். தொடும் முன் ஒரு புகைப்படம் எடுத்து நேரத்தைக் குறித்து வையுங்கள். பின்னால் வரைபடத்தில் ஒரு சரிவைப் பார்க்கும்போது அந்தப் படம்தான் கை கொடுக்கும்.

அலைமுகம்:

ரசமட்டம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உலர்பனி பிரகாசத்தைக் கெடுக்காது என்பது சரி, ஆனால் அலையைத் தாமதப்படுத்தும். கன மீட்டருக்கு 300 கிலோ அடர்த்தியுள்ள உலர்பனியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.25. அலை 30 செ.மீ. பனியைக் கடந்தால் ரிஃப்ளெக்டர் 7.5 செ.மீ. தள்ளிப் போனது போலத் தெரியும். பிரகாசத்தை மட்டும் அளக்கிறீர்கள் என்றால் உலர்பனியை விட்டுவிடலாம். ஃபேஸை (திரும்பி வரும் அலையின் கட்டத்தை) பயன்படுத்தி நில நகர்வை மில்லிமீட்டரில் பார்க்கிறீர்கள் என்றால் செயற்கைக்கோளின் ஒவ்வொரு கடப்புக்கும் முன்னால் துடைத்தே ஆக வேண்டும்.

துணியாலோ பிளாஸ்டிக்காலோ மூடி போடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மூடியின் மேல் ஈரப்பனி ஒட்டினால் அதே தொல்லைதான், காற்றில் அதிகம் ஆடவும் செய்யும். புதிதாகச் செய்யும்போது துளையிட்ட தகடு வாங்குங்கள். துளைகள் அலைநீளத்தைவிட நன்றாகச் சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீரும் நிற்காது, காற்றின் சுமையும் குறையும்.

உறைமண்:

உங்கள் திசைகாட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! வடக்கே போகப்போகக் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் இருபது பாகையைத் தாண்டும் இடங்கள் உண்டு. அதைத் திருத்தாமல் திருப்பியிருந்தால் நல்ல நிலையில் இருந்ததையும் கெடுத்திருப்பீர்கள். பக்கத்தில் இரும்புக் கால் வேறு. இரண்டு புள்ளிகளை ஜிஎன்எஸ்எஸ் கருவியால் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களால் இடத்தைக் காட்டுவது) அளந்து அந்தக் கோட்டிலிருந்து திசையை எடுங்கள்.

அப்புறம், இரும்புச் சட்டத்தில் அலுமினியத் தகட்டை இறுக்கமாக முடுக்கியிருக்கிறீர்களா? வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 35 வரை போகும்போது 1.5 மீட்டர் அலுமினியம் ஏறக்குறைய 1.9 மி.மீ. சுருங்கும், இரும்பு 1 மி.மீ. தான். வட்டத் துளையில் போல்ட் போட்டால் தகடு வளையும். நீள்துளை வேண்டும்.

மண் உறைந்து பொங்குவதையும் பாருங்கள். வண்டல் மண் என்றால் காலைத் தூக்கிவிடும். பருவத்தில் உறைந்து உருகும் அடுக்குக்குக் கீழே திருகுத்தூண் இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வருடா வருடம் உள்மூலையின் இருப்பிடத்தைப் புதிதாக அளக்க வேண்டிவரும்.

பனித்தடம்:

நேற்று போய்ப் பார்த்தேன். மூலைமட்டம் மூலைக்குப் பக்கத்தில் சரியாக உட்காரவில்லை. மட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நாணயம் தாராளமாக நுழைந்தது. வடிகால் துளையைக் கம்பியால் குத்தினேன், கறுத்த சருகுக் குழம்பு வந்தது. நன்றாக இருக்கும் மற்றதில் துளை திறந்தே இருக்கிறது.

போல்ட்டுகள் எல்லாம் வட்டத் துளையில்தான். மூட்டைத் தளர்த்தி 90-க்குக் கொண்டுவந்து, நீள்துளை வெட்டி மறுபடி முடுக்கியிருக்கிறோம். துளைக்குக் கீழே சருகு தங்காத அளவு இடமும் விட்டாயிற்று. நான் திருப்பிய திசையில் காந்த வித்தியாசத்தைச் சேர்க்கவே இல்லை, உறைமண் சொன்னது சரி. அதையும் இரண்டு புள்ளிகளை அளந்து திருத்திவிட்டேன். அடுத்த கடப்பு வியாழக்கிழமை. எண் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.