புத்தாண்டு விழாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குப் பொன்னாடை: யாரைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: சேவைக்குழு_சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலின் சேவைக்குழுவில் இருக்கிறேன். தைப்பூசக் காவடி வரும் மாதத்தில் இங்கே வெயில் எப்படி அடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து மயங்கி விழுகிறவர்களை ஆம்புலன்ஸ்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் சித்திரைப் புத்தாண்டு விழாவில் எங்கள் பகுதி ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சிலருக்குப் பொன்னாடை போர்த்தி, சான்றிதழ் கொடுத்து, கையில் ஒரு கவரும் கொடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.

யாருக்கு என்பதில்தான் சண்டை. ஹெலிகாப்டரில் பறக்கும் பாராமெடிக் ஒருவரை அழைத்தால் விழாவுக்கே பெருமை என்கிறார் தலைவர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீரில் இறங்கி ஆளைத் தூக்கிய பையனின் வீடியோ இன்னும் பொருளாளர் போனில் இருக்கிறது. அவனைத்தான் கூப்பிட வேண்டும் என்று நிற்கிறார். மாதர் குழுவுக்கு வண்டியிலேயே பிரசவம் பார்த்த அம்மா வேண்டும். தமிழர்களாகப் பார்த்துக் கொடுத்தால் போதும் என்று ஒரு குரலும் உண்டு. அந்த வேலையை உள்ளிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

பதில்: பழைய_ஐஎல்எஸ்

தம்பி, நான் ஆம்புலன்ஸில் ஓடி ஓய்வு பெற்றவன். கேட்டுவிட்டீர்கள், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், ஒற்றை ஆளைக் கூப்பிடாதீர்கள். நம் ஊர் வண்டியில் இரண்டு பேர். வண்டி ஓட்டுகிறவரும் ஹெச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உதவியாளர்தான், வெறும் டிரைவர் இல்லை. ஒருவர் நெஞ்சை அழுத்தும்போது மற்றவர் மூச்சுப் பையைப் பிடிக்கிறார், பிறகு மாறிக்கொள்கிறார்கள். அந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் பொன்னாடை போர்த்தினால், மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே ஜோடி பன்னிரண்டு மணி நேரம் ஒரே கேபினில் உட்கார வேண்டும். அந்தக் கேபினில் என்ன பேச்சு இருக்கும் என்று எனக்குத் தெரியும்!

அடுத்தது ஹெலிகாப்டர். அதில் போகிறவர்கள் ஏஎல்எஸ், அதாவது உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சி பெற்றவர்கள். கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. நாலு வருடப் பட்டம் படித்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் உங்கள் தெருவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவர் பெரும்பாலும் பிஎல்எஸ் (அடிப்படை நிலை) அல்லது ஐஎல்எஸ் (இடைநிலை). பழைய ஆட்களில் பலர் ஒரு மாதக் குறுகிய படிப்போடு வேலைக்கு வந்து, அப்புறம் படிப்படியாக மேலே போனவர்கள். அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

என்னோடு பல காலம் ஓடியவர் ஒரு ஜூலு அம்மா. நாங்கள் சிஸி என்போம். ஷிப்ட் தொடங்கும்போது வண்டிச் சோதனைப் பட்டியல் ஒன்று இருக்கும்: ஆக்சிஜன் சிலிண்டர், சக்‌ஷன் மெஷின், மானிட்டர் பேட்டரி, மருந்துகளின் காலாவதித் தேதி. எல்லாருமே டிக் போடுவார்கள். சிஸி மீட்டரைப் பார்த்துவிட்டு டிக் போடுவார். சக்‌ஷனைப் போட்டு விரலை வைத்து இழுக்கிறதா என்று பார்ப்பார். வாந்தி மூச்சுக்குழாயில் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த மெஷின் ஓடவில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஒரு சனிக்கிழமை இரவு, டாக்சி ராங்க் ஓரத்தில் ஓர் ஆள் விழுந்து கிடந்தார். சாராய வாடை. செக்யூரிட்டி, போலீஸ், சுற்றி நின்ற கூட்டம் எல்லாரும் குடிகாரன் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். சிஸி பேசாமல் உட்கார்ந்து விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார். 1.6. இங்கே மில்லிமோல் கணக்கு. நாலுக்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டும். டிரிப் போட்டு 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம். சில நிமிடத்தில் மனிதர் எழுந்து உட்கார்ந்து, தன் செருப்பை யார் எடுத்தது என்று சண்டை போட்டார். இதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. குடிகாரனுக்கு ஊசி போடுவதை யார் எடுப்பார்கள்? நம் ஜனங்களில் சர்க்கரை நோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அங்கே கிடந்தது உங்கள் மாமாவாகவும் இருந்திருக்கலாம்.

தேர்ந்தெடுக்க ஒரு சுருக்கு வழி உண்டு. வீடியோவை விட்டுவிட்டு, உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் கேஷுவல்டி சிஸ்டர்களிடம் போய்க் கேளுங்கள்: "எந்த ஜோடி நோயாளியைக் கொண்டுவந்தால் உங்களுக்கு நிம்மதி?" நோயாளியை ஒப்படைக்கும்போது வலி எப்போது தொடங்கியது, என்ன கொடுத்தோம், பிரஷர் ஏறியதா இறங்கியதா என்று ஒழுங்காகச் சொல்கிறவர் யார், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவிட்டு ஓடுகிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். யோசிக்காமலே பெயர் சொல்வார்கள்.

தமிழர்களுக்கு மட்டும் என்ற பேச்சை இப்போதே நிறுத்திவிடுங்கள். காவடியில் விழுந்தவரைத் தூக்கியவர்கள் பாதிப் பேருக்கு முருகன் யாரென்றே தெரியாது.

பதில்: ரேடியோ_அக்கா

அண்ணா எழுதியதெல்லாம் சரி, ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் இருக்கிறார் என்பதை அவரும் மறந்துவிட்டார். (ரோட்டில் ஓடியவர்கள் எல்லாரும் அப்படித்தான், பழகிவிட்டது.)

நான் கட்டுப்பாட்டு அறையில் 10177 என்ற ஆம்புலன்ஸ் எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்தவள். இருதயம் நின்றுபோனவருக்கு யாரும் நெஞ்சை அழுத்தவில்லை என்றால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடமும் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வண்டி வருவதற்குள் அந்த நிமிடங்கள் போய்விடும். அலறிக்கொண்டிருக்கும் மகளை நிறுத்தி, போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அப்பாவைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கவைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்தச் சொல்லிக் கூடவே எண்ணுகிறவர் ஹெட்செட் மாட்டியவர்தான். அப்புறம் அந்த அப்பா என்ன ஆனார் என்று பல நேரம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த அழைப்பு வந்துவிடும்.

முகவரி இன்னொரு கூத்து. குடிசைப் பகுதியில் தெருப் பெயரே கிடையாது. "பச்சை ஜோஜோ தண்ணீர் டாங்க் இருக்கிற வீட்டுக்குப் பின்னால்" என்பார்கள். ரோந்துக்காரர், கடைக்காரர் என்று கேட்டுக் கேட்டு அந்த டாங்கைக் கண்டுபிடித்தவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

பதில்: ஃபீனிக்ஸ்_வாசி

மன்னிக்கவும், எனக்கு இதில் உற்சாகமில்லை. எங்கள் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்த இரவில் கூப்பிட்டோம், கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். விடிகிற நேரத்தில் வண்டி வந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றிக்கொண்டு போயாகிவிட்டது. அப்பா பிழைத்தார், அது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் புண்ணியம். பொன்னாடை போடுகிறவர்கள் இதையும் மேடையில் சொல்வீர்களா?

பதில்: பழைய_ஐஎல்எஸ்

உங்கள் கோபம் நியாயம். அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பொதுவாக எங்கே இழுபடும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஷிப்டில் ஓடும் வண்டிகள் தேவையைவிடக் குறைவு. அந்தக் கொஞ்சத்திலும் சில ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். உள்ளே படுக்கை காலியில்லாவிட்டால் எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே நோயாளி கிடப்பார், நாங்களும் கிளம்ப முடியாது. சில பகுதிகளில் ஊழியர்களையே துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்ததால் போலீஸ் துணை வந்த பிறகுதான் உள்ளே போகிறார்கள். கேப் டவுனில் இப்படிப்பட்ட இடங்களை ரெட் ஸோன் என்றே சொல்கிறார்கள். காத்திருக்கும் வீட்டுக்கு இதெல்லாம் ஆறுதல் ஆகாது.

மேடையில் சொல்லத்தான் வேண்டும். மாகாண சட்டமன்ற உறுப்பினரை விழாவுக்கு அழைப்பீர்கள் அல்லவா? வண்டி எத்தனை ஓடுகிறது என்று அவரிடம் மைக்கிலேயே கேளுங்கள். விருது வாங்கும் பிள்ளைகள்தான் முதலில் கைதட்டுவார்கள்.

பதில்: மதுரை_டு_ஜோபர்க்

இடையில் ஒரு தகவல். தமிழ்நாட்டில் 2008-இல் 108 வண்டி வந்தபோது ஓட்டுநரைப் பைலட் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். இன்றும் அப்படித்தான். மேடையில் பெயரோடு அந்தப் பட்டத்தையும் சேர்த்து வாசித்தால் முகம் மலர்ந்துவிடும். இங்கே இரண்டு பேரும் மருத்துவ உதவியாளர்கள் என்பது அண்ணா சொல்லித்தான் தெரிந்தது. அப்படியென்றால் சான்றிதழில் இருவர் பெயரும் ஒரே வரியில், ஒரே எழுத்து அளவில் வரட்டும்.

சேவைக்குழு_சாட்ஸ்வொர்த்

நன்றி அண்ணா, அக்கா. கேஷுவல்டி யோசனையைக் குழுவில் சொன்னேன். தலைவர் ஹெலிகாப்டரை அரைமனதாக விட்டுக்கொடுத்தார். பொருளாளர் இன்னும் வீடியோவைக் காட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு ஜோடி, ஒரு கட்டுப்பாட்டு அறை ஊழியர் என்று பேசியிருக்கிறோம். கவரில் எவ்வளவு வைக்கலாம்? பிழைத்த நோயாளி ஒருவரையும் மேடைக்கு அழைத்து அவர் கையால் பொன்னாடை போர்த்தவைத்தால் எப்படி இருக்கும்?

பதில்: பழைய_ஐஎல்எஸ்

கவர் வேண்டவே வேண்டாம். அவர்கள் அரசு ஊழியர்கள், பரிசு விஷயத்தில் விதி கறார். அன்போடு நீங்கள் கொடுத்தது அவர்களுக்கு விசாரணையாக முடியலாம். பொன்னாடை, சான்றிதழ் என்றால்கூட மாவட்ட மேலாளருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தில் எதற்காகப் பாராட்டுகிறோம் என்று விவரமாக எழுதினால் அவர்களுடைய பணிக் கோப்பிலும் போய்ச் சேரும். பதவி உயர்வு நேரத்தில் பொன்னாடையைவிட அந்தக் காகிதம்தான் உதவும்.

நோயாளி விஷயம்: அவராக முன்வந்து, எழுத்தில் சம்மதித்தால் மட்டும். ஊழியர்களிடம் "அந்த ஆளின் பெயர் என்ன, எந்த வீடு" என்று கேட்காதீர்கள், அவர்கள் சொல்லக் கூடாது. தனிநபர் தகவலைக் காக்கும் போபியா சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. உடல்நிலைத் தகவலுக்கு அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. ஃபேஸ்புக் நேரலைக்கும் இது பொருந்தும் என்று உங்கள் பொருளாளரிடம் சொல்லிவையுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். மாலை ஆறு முதல் எட்டு வரை வைத்தால் ஒரு ஷிப்ட் வண்டியில் இருக்கும், இன்னொன்று கிளம்பிக்கொண்டிருக்கும். ஞாயிறு காலை பத்து மணி நல்லது. அமைச்சர் பேச்சு, தலைவர் பேச்சு எல்லாம் முடிந்துதான் பொன்னாடை என்று உட்காரவைக்காமல், பூஜை முடிந்ததும் முதலில் அவர்களை அழைத்து அனுப்பிவிடுங்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கப் போக வேண்டும்.

சேவைக்குழு_சாட்ஸ்வொர்த்

கவர் ரத்து. ஞாயிறு பத்து மணி, பூஜை முடிந்ததும் பொன்னாடை. கடிதம் இந்த வாரமே போகிறது. சான்றிதழைத் தமிழ், ஆங்கிலம், ஜூலு மூன்றிலும் அச்சடிக்கப் போகிறோம். ஜூலு வரிகளைச் சரிபார்க்க நல்லாய்த் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கள் குழுவில் எல்லாருக்கும் கடையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வரும்.