வட்ட வாரியான புற்றுநோய் விகிதங்களை ஒப்பிட வழிகாட்டுதல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் பராமரித்துவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், அன்று பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் தொடர்ந்து குறைந்துவர, மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டது தெளிவாகத் தெரிகிறது. இதே மாற்றம் திண்டுக்கல் போன்ற மாவட்டங்களில் ஒவ்வொரு வட்டத்திலும் எந்த வேகத்தில் நிகழ்ந்தது என்பதை அறிய விரும்புகிறேன். பரிசோதனை முகாம்களை எங்கே நடத்துவது என்ற முடிவே அதைப் பொறுத்தது என்பதால், இதை வெறும் புள்ளிவிவரக் கேள்வியாக என்னால் கருத இயலவில்லை.

சிக்கல் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஒரு லட்சம் பெண்கள் வாழும் வட்டத்தில் ஓராண்டு 6 பேருக்கும் மறு ஆண்டு 11 பேருக்கும் நோய் கண்டறியப்பட்டால், விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பானதாகத் தோன்றும். அது தற்செயலாகவும் இருக்கலாம். முதியோர் மிகுந்த வட்டங்களில் விகிதம் கூடுதலாகத் தெரிவதை வயதுவாரியாகச் சீராக்கிச் சரிசெய்யலாம் என்றாலும், அதற்கான மக்கள்தொகையை 2011 கணக்கெடுப்பிலிருந்தே மதிப்பிட வேண்டியுள்ளது. சிகிச்சைக்கு வரும்போது நகரத்து உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்போரும் உண்டு; அவர்கள் சொந்த வட்டத்தின் கணக்கில் விடுபட்டுவிடலாம்.

ஐந்தைந்து ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் போதுமா, அல்லது அண்டை வட்டங்களின் தரவையும் துணைகொண்டு மதிப்பிடும் பேயஸ் என்ற புள்ளியியல் முறையே பொருத்தமானதா என்பதை, இத்துறையில் பணியாற்றியோர் தயவுசெய்து விளக்க வேண்டும். வட்ட அளவிலான தரவை ஆய்வுக்காகப் பெறும் நடைமுறையை அறிந்தோரும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.