முதல் மில்லியன் யாருக்கு? நயோமி கிர்மாவுக்கா, ஒலிவியா ஸ்மித்துக்கா?

தொப்பூர் ஸ்டாப்பர்:
நேற்று கிருஷ்ணகிரியில் பள்ளி மாணவிகளுக்கான கால்பந்துப் போட்டிக்கு மகளை அழைத்துப் போயிருந்தேன். நுழைவாயிலிலேயே ஒரு பெரிய பேனர். லண்டன் ஆர்சனல் அணியின் சட்டையில் ஒலிவியா ஸ்மித் படம், கீழே "உலகின் முதல் மில்லியன் வீராங்கனை" என்று கொட்டை எழுத்து. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ வேவ் அணியிடமிருந்து நயோமி கிர்மாவை 11 லட்சம் டாலர் கொடுத்து இங்கிலாந்தின் செல்சி அணி எடுத்தது. பெண்கள் கால்பந்தில் மில்லியனை, அதாவது பத்து லட்சத்தை, தாண்டிய முதல் ஒப்பந்தம் அதுதான். ஸ்மித் ஆர்சனலுக்குப் போனது அதே ஆண்டு ஜூலையில். ஜனவரி முன்னால் வருமா, ஜூலை முன்னால் வருமா? எத்தனை பிள்ளைகள் அந்தப் பொய்யைப் படித்துக்கொண்டு மைதானத்துக்குள் போனார்கள்!

ஓசூர் பீரங்கி:
அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான், அக்கா. ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். கிர்மாவுக்குச் செல்சி கொடுத்தது பவுண்டில் சுமார் 9 லட்சம். ஒன்பது லட்சம் எந்த ஊரில் மில்லியன் ஆகிறது? ஸ்மித்துக்காக ஆர்சனல் லிவர்பூலுக்குக் கொடுத்தது பத்து லட்சம் பவுண்டு. இங்கிலாந்து லீகுக்குள் நடக்கும் ஒப்பந்தத்தை இங்கிலாந்துப் பணத்தில்தான் எண்ண வேண்டும்.

தொப்பூர் ஸ்டாப்பர்:
விற்றது அமெரிக்க அணி. பேரம் நடந்தது டாலரில். உன் பேனரில் "பவுண்டு" என்ற சொல் எங்கே இருக்கிறது, தம்பி? "உலகின் முதல்" என்றுதானே எழுதினாய்? உலகம் என்பது லண்டன் மட்டுமா? ஜனவரிதான் முன்னால் வரும்.

பாலக்கோடு மண்டி:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். மண்டியில் தினமும் பார்க்கிறேன். ஒருவர் தக்காளிக்குக் கிலோ விலை சொல்வார், மற்றவர் கிரேட், அதாவது பெட்டி, விலை சொல்வார், இரண்டு பேரும் ஏமாந்துவிட்டோம் என்று கத்துவார்கள். எந்தப் பணத்தில் மில்லியன் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் ரூபாயில் மில்லியன் என்றால் வெறும் பத்து லட்சம். 2002-லேயே பிரேசிலின் மிலேனே டொமிங்கஸை ஸ்பெயினின் ராயோ வயேகானோ அணி இரண்டு லட்சம் பவுண்டுக்கும் கூடுதலாகக் கொடுத்து எடுத்தது. அப்போதே அது ஒரு கோடி ரூபாயைத் தாண்டிய தொகை. அந்த லீகில் வெளிநாட்டு வீராங்கனைகளுக்கு அனுமதியே இல்லாததால் அவரால் லீக் ஆட்டத்தில் இறங்க முடியவில்லை என்பது தனிக் கொடுமை.

ஓசூர் பீரங்கி:
மண்டிக் கணக்கு மண்டிக்குப் பொருந்தும், ஐயா. பத்து லட்சம் பவுண்டை முதலில் தொட்டவர் ஸ்மித்.

தொப்பூர் ஸ்டாப்பர்:
மில்லியனை முதலில் தொட்டவர் கிர்மா.

பென்னாகரத்தான்:
இதற்கா இவ்வளவு சண்டை? ஆண்கள் கால்பந்தில் டிரெவர் பிரான்சிஸ் 1979-லேயே பத்து லட்சம் பவுண்டுக்கு நாட்டிங்காம் பாரஸ்ட் அணிக்குப் போய்விட்டார். 2017-ல் நெய்மாருக்கு 22 கோடி யூரோ. பெண்கள் 46 ஆண்டு பின்னால் வந்துவிட்டு, யார் முதல் என்று அடித்துக்கொள்கிறீர்கள்.

தொப்பூர் ஸ்டாப்பர்:
பின்னால் வந்தார்களா, பிடித்து நிறுத்தப்பட்டார்களா? 1920 டிசம்பரில் லிவர்பூலில் டிக் கெர் லேடீஸ் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 50 ஆயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. 1971 வரை அந்தப் பூட்டு திறக்கவில்லை. ஐம்பது ஆண்டு வாசலைச் சாத்திவிட்டு, ஏன் தாமதம் என்று கேட்பதற்கு வாய் கூச வேண்டும். நீங்கள் ஒகேனக்கல்லில் மீன் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள், பெண்கள் கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பென்னாகரத்தான்:
மீனை எதற்கு இழுக்கிறீர்கள்? நான் வரலாற்றைச் சொன்னேன்.

ஓசூர் பீரங்கி:
பென்னாகரம் அண்ணன் தெரியாமலேயே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டார். பிரான்சிஸை எல்லோரும் எதில் எண்ணினார்கள்? பவுண்டில். அந்த அளவுகோல்தான் ஸ்மித்துக்கும்.

தொப்பூர் ஸ்டாப்பர்:
பிரான்சிஸ் முதல் என்பதே பிரிட்டன்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. 1975-ல் இத்தாலியில் சவோல்டியை நேப்பிள்ஸ் அணி 200 கோடி லிராவுக்கு எடுத்தது. பவுண்டில் மாற்றினாலும் அது பத்து லட்சத்துக்கு மேல்தான். அவன் ஊரில் நடந்தால் வரலாறு, அடுத்தவன் ஊரில் நடந்தால் கணக்கில் சேராது. நீயும் அதையே ஓசூரில் உட்கார்ந்துகொண்டு செய்கிறாய்.

சரி, பவுண்டா டாலரா என்பதற்குள் ஒளிந்திருக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிர்மா முன்களத்தில் ஆடுபவராக இருந்திருந்தால் உன் பேனரில் அவர் படம்தான் இருந்திருக்கும். அவர் ஸ்டாப்பர், பின்வரிசையில் நின்று கோலைத் தடுக்கிறவர். கோல் போடுகிறவருக்குத்தான் ஊர் கைதட்டும். நான் பள்ளியில் ஆடியபோது ஓர் இறுதிப் போட்டி. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. கடைசி நிமிடத்தில் கோல் கோட்டில் விழுந்து முழங்காலால் பந்தைத் தடுத்தேன். கல் ஏறி, தோல் சுருண்டு, காலுறை வரைக்கும் ரத்தம் வழிந்தது. அந்தத் தழும்பு இப்போதும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கிறது. சிறந்த வீராங்கனைக்கான எவர்சில்வர் குடத்தைப் பெனால்டியில் ஒரு கோல் போட்டவளுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். உலகத்தின் முதல் மில்லியன் ஒரு ஸ்டாப்பருக்குக் கிடைத்திருக்கிறது. அதை ஒரு பேனரால் அழிக்க விடமாட்டேன்.

ஓசூர் பீரங்கி:
உங்கள் குடத்துக்கு ஸ்மித் என்ன செய்வார்? ஒப்பந்தம் நடந்தபோது 20 வயதுப் பெண். செப்டம்பரில் ஆர்சனலுக்காக லீகில் முதன்முதலாக இறங்கிய ஆட்டத்திலேயே, லண்டன் சிட்டி லயனஸஸ் அணிக்கு எதிராகப் பெனால்டி பெட்டிக்கு வெளியே இருந்து ஒரு கோல் அடித்தார் பாருங்கள். ஷிப்ட் முடித்து வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் கைபேசியில் பார்த்தேன். அறையில் இருந்த மற்ற மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். 4-1 என்று வென்றோம். கிர்மா தன் முதல் ஆட்டத்தில் என்ன செய்தார்? காயத்தோடு வெளியேறினார்.

தொப்பூர் ஸ்டாப்பர்:
காயத்தைக் குத்திக்காட்டுகிறாயா? ஆடுகிறவளுக்குத்தான் காயம் படும், கைபேசியில் பார்க்கிறவனுக்குப் படாது. பாரிஸ் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் நடுத்தூண் அவர். கடைசி வரிசைக்கு அவரைப் போல் ஆள் கிடைக்காமல்தான் செல்சி அவ்வளவு கொடுத்தது. அதையும் ஜனவரியிலேயே கொடுத்தது.

மாங்கனி மகள்:
நான் கிருஷ்ணகிரி. அந்தப் போட்டிக்குத் தண்ணீர்க் கேன் சுமந்தவர்களில் ஒருத்தி. ஒரு பேனரைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊரையே பொய்யர்கள் ஆக்குகிறீர்களே. 2004-ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து தருமபுரிக்காரர்களுக்கு எங்கள் மேல் ஒரு கண். உங்கள் ஊரில் பெண்களுக்கு இப்படி ஒரு போட்டி வைத்துக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

தொப்பூர் ஸ்டாப்பர்:
என் மகள் ஆடியது உங்கள் போட்டியில்தான், அதை நான் குறை சொல்லவில்லை. பேனரைத்தான் சொன்னேன். மாவட்டத்தை இழுத்தது நீங்கள். பிரிவதற்கு முன்னால் ஓசூரும் தருமபுரிதான், நினைவிருக்கட்டும்.

ஓசூர் பீரங்கி:
ஓசூர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். அதையாவது சரியாக எழுதுங்கள்.

பாலக்கோடு மண்டி:
வெளிநாட்டுக் கோடிகளை விடுங்கள், நம் லீகைப் பேசுவோம். 2019-ல் மதுரை சேது அணி மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அந்த அணியில்தான் இருந்தார். அடுத்த சீசனில் கோகுலம் கேரளா அவரை எடுத்துக்கொண்டது, கோப்பையும் 2020-ல் அங்கே போய்விட்டது. ஓர் ஒப்பந்தம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கடலூர் இந்திய அணிக்கு ஓர் இந்துமதி கதிரேசனைக் கொடுத்தது. நாம் இரண்டு மாவட்டமும் சேர்ந்து அப்படி ஒருவரைக் கொடுக்க என்ன செய்யலாம்?

மாங்கனி மகள்:
முதலில் தருமபுரியில் பேனர் எழுதத் தெரிந்தவர்களைத் தேடுங்கள்.

பென்னாகரத்தான்:
ஒரு தகவல். 2025 ஆகஸ்டில் மெக்சிகோவின் லிஸ்பெத் ஒவாயேவை டிக்ரெஸ் அணியிடமிருந்து ஆர்லாண்டோ பிரைட் 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. உங்கள் இருவர் கணக்கையும் அவர் தாண்டியாகிவிட்டது. பவுண்டில் மாற்றினாலும் பத்து லட்சத்துக்கு மேல்.

ஓசூர் பீரங்கி:
ஆகஸ்ட் ஜூலைக்குப் பிறகு வருகிறது, அண்ணா. ஸ்மித்தான் முதல்.

தொப்பூர் ஸ்டாப்பர்:
எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் ஜூலைக்குப் பிறகு என்று இப்போது மட்டும் அவனுக்கு மாதக் கணக்கு தெரிகிறது. அதே வாயால் ஜூலை ஜனவரிக்குப் பிறகு என்று சொல்லட்டும்.

ஓசூர் பீரங்கி:
பவுண்டில் காட்டுங்கள், சொல்கிறேன்.

தொப்பூர் ஸ்டாப்பர்:
அடுத்த ஞாயிறு அரையிறுதி. கிர்மா படத்தோடு "முதல் மில்லியன், 2025 ஜனவரி" என்று என் செலவில் பேனர் அடித்துக்கொண்டு வருகிறேன். உன் பேனருக்கு நேர் எதிரே கட்டுவேன்.

மாங்கனி மகள்:
மைதானத்தில் எதைக் கட்டுவதாக இருந்தாலும் எங்கள் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும்.

தொப்பூர் ஸ்டாப்பர்:
அவன் யாரிடம் வாங்கினான்?