கேடிலாக் பேரைக் கெடுத்தது என்ஜினா, முத்திரையா?

பல்சக்கரம்:

அமெரிக்கச் சொகுசுக் காரான கேடிலாக் சரிந்த கதை வந்தாலே எல்லாரும் சிமரோன் என்ற மாடலைத்தான் கைகாட்டுகிறார்கள். 1982-இல் தாய்க் கம்பெனியான ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) தன் மலிவுக் காரான செவர்லே கவாலியருக்குக் கேடிலாக் முத்திரை குத்தி விற்றது, அதோடு மானம் போயிற்று என்பது வழக்கமான பேச்சு. எனக்கு உடன்பாடில்லை. பேரைக் கெடுத்தவை வரிசையாக வந்த நான்கு என்ஜின்கள்: ஓல்ட்ஸ்மொபில் டீசல், வி8-6-4, ஹெச்டி 4100, நார்த்ஸ்டார்.

அந்தப் பேர் முதலில் எதனால் வந்தது? 1902-இல் ஹென்றி ஃபோர்டு விட்டுப் போன கம்பெனியை மூடுவதற்காகச் சொத்து மதிப்புப் போட அழைக்கப்பட்டவர் ஹென்றி லேலண்ட். மூட வேண்டாம், என்னிடம் நல்ல என்ஜின் இருக்கிறது என்றார். கேடிலாக் பிறந்தது அப்படித்தான். அவர் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் பிரவுன் அண்ட் ஷார்ப்பிலும் அளவெடுக்கக் கற்றவர். 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் திடலில், ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஆட்கள் கண்முன்னே மூன்று மாடல் கே கார்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார்கள். பாகங்களை ஒரே குவியலாகக் கலந்தார்கள். 89 பாகங்களை எடுத்துவிட்டு, ஸ்டோரில் இருந்த உதிரிபாகங்களைச் சேர்த்தார்கள். ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும்தான் கருவி. மூன்றும் மறுபடி பூட்டப்பட்டு 500 மைல் ஓடின. அந்தக் கிளப் தரும் டிவார் கோப்பை கேடிலாக்குக்குக் கிடைத்தது அதற்குத்தான். ‘உலகத்துக்கே அளவுகோல்’ என்று விளம்பரம் செய்ய அந்தக் கம்பெனிக்கு உரிமை கொடுத்தது அந்தக் குவியல்தான்.

இப்போது 1982-இன் ஹெச்டி 4100-ஐப் பாருங்கள். பிளாக் அலுமினியம், உள்ளே இரும்பு லைனர், மேலே வார்ப்பிரும்பு ஹெட். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அரை மீட்டர் நீளத்துக்கு 80 டிகிரி சூடு ஏறினால் இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து அணைக்கும்போதும் நடுவில் உள்ள கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) அந்த அளவுக்கு இழுபடப் பார்க்கிறது. முதலில் போவது இன்டேக் மேனிஃபோல்ட் (காற்று உள்ளே போகும் குழாய்த்தொகுதி) கேஸ்கெட். கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) நேராக ஆயிலில் இறங்கும். ஆயில் பால் கலந்த மாதிரி ஆகும், பேரிங் போகும், அதன்பின் கிராங்க் ஷாஃப்ட்டும் (என்ஜினைச் சுழற்றும் தண்டு) போகும். இதற்கு மருந்தாகக் கம்பெனி சொன்னது, கூலண்டில் கசிவடைக்கும் மாத்திரை போடுவது! லேலண்ட் கட்டிய கம்பெனி இது.

வால்துடுப்பு:

பல்சக்கரம் சார், 1908 கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் 1955-இல் கேடிலாக் வாங்கியவரில் எத்தனை பேருக்கு டிவார் கோப்பை தெரியும்? லேலண்டே 1917-இல் வெளியேறி லிங்கன் கம்பெனியைத் தொடங்கிவிட்டார். 1920-களிலும் 30-களிலும் அமெரிக்கப் பணக்காரரின் கார் பேக்கார்ட்தான். கேடிலாக் அதை முந்தியது வேறு வழியில்.

முதலாவது, ஹார்லி ஏர்ல். 1927-இல் கேடிலாக்கின் துணை முத்திரையான லாசால் காரை வரைய வந்தவர் ஜிஎம்மின் மொத்த அழகுக்கும் பொறுப்பானார். பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948 கேடிலாக்கின் பின்பக்கம் சிறு துடுப்பு வைத்தார்கள். 1959-இல் அது வானத்தைத் தொட்டது. இரண்டாவது, நிக்கோலஸ் டிரைஸ்டாட். பொருளாதார மந்தத்தில் கேடிலாக்கையே மூடலாமா என்று ஜிஎம் யோசித்த நேரம். கறுப்பின மக்களுக்கு விற்பதில்லை என்பது அப்போது கொள்கை. குத்துச்சண்டை வீரர்களும் மருத்துவர்களும் பாடகர்களும் ஒரு வெள்ளைக்காரருக்குப் பணம் கொடுத்து அவர் பேரில் வாங்கினார்கள். அவர்கள் சர்வீஸுக்கு வருவதைப் பார்த்த சர்வீஸ் தலைவர் டிரைஸ்டாட்தான் மேலிடத்தில் போய், நாமே நேராக விற்போம் என்று வாதாடினார். வேறு எந்தக் கதவும் திறக்காத மனிதருக்கு அந்தக் கார் ஒரு அந்தஸ்து. அப்படித்தான் பேர் வளர்ந்தது.

அதை அழித்தது என்ன? 88 குதிரைத்திறன், 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், 12,000 டாலர் சிமரோன். அடுத்த தெருவில் அதே கதவு, அதே கூரை உள்ள கவாலியர் சில ஆயிரம் டாலர் குறைவு. பிறகு 1986 எல்டோராடோ, கேடிலாக்கின் இன்னொரு மாடல். நீளத்தில் ஒன்றேகால் அடிக்கு மேல் வெட்டி, போன்டியாக் கிராண்ட் ஆம் ஜாடையில் கொண்டுவந்தார்கள். முந்தைய வருடம் 76,000 போன வண்டி 21,000-க்கு விழுந்தது. அந்த வீழ்ச்சி ஷோரூமிலேயே நடந்தது. ஹெட் கேஸ்கெட் போகும் வரை யாரும் காத்திருக்கவில்லை.

இன்னொன்று. நீங்கள் திட்டும் ஹெச்டி 4100 குடும்பம்தான் 1991-இல் 4.9 லிட்டர் ஆனது. நல்ல உழைப்பாளி என்ஜின், இன்றும் புகழ்கிறார்கள். அப்படியானால் பேர் ஏன் திரும்பி வரவில்லை?

பல்சக்கரம்:

76,000 பேர் 1985-இல் வாங்கிய எல்டோராடோவில் என்ன இருந்தது? அதே 4100. 1982 முதலே அந்த என்ஜினோடு வாங்கியவர்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டி நொந்திருக்கிறார்கள், 1986-இல் திரும்பி வரவில்லை. அளவு குறைந்தது ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மட்டும் காரணமாக்க முடியாது.

டீசலையும் விட்டுவிட்டீர்கள். 1980-இன் கேடிலாக் செவில் மாடலுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் டீசல்தான் ஸ்டாண்டர்ட் என்ஜின். 5.7 லிட்டர், அழுத்த விகிதம் 22.5-க்கு 1. பெட்ரோல் என்ஜினில் அது 8 சொச்சம். ஆனாலும் ஹெட்டுக்கு அதே பத்து போல்ட், அதே இடத்தில். காரணம், பெட்ரோல் பிளாக் அறுக்கும் இயந்திரத்திலேயே டீசலையும் அறுக்க வேண்டும் என்ற செலவுக் கணக்கு. போல்ட் நீண்டது, கேஸ்கெட் போனது. பழுது பார்த்தவர்கள் நீண்ட பழைய போல்ட்டையே திரும்பப் போட்டார்கள், மறுபடி போனது. டீசலில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி கிடையாது. பம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் துரு, அதோடு இன்ஜெக்‌ஷன் பம்ப் காலி.

டார்க்ரெஞ்ச்:

இரண்டு பேரும் நார்த்ஸ்டாரைத் தொடாமல் போகிறீர்கள். நிறையப் பேர் இன்னும் 1990-களின் செவில், டிவில் கேடிலாக்குகளைத் தேடுகிறார்கள், அவர்களுக்கும் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

1993-இல் வந்த 4.6 லிட்டர், 32 வால்வு, நாலு கேம். தொடக்கத்தில் 295 குதிரைத்திறன். ஓடும் வரை அருமையான என்ஜின். குறை ஒரே இடத்தில்: ஹெட் போல்ட் இறங்கும் மரை அலுமினிய பிளாக்கிலேயே வெட்டப்பட்டது. பக்கத்துக்குப் பத்து, மொத்தம் 20 போல்ட். கூலண்ட் பழசாகி அமிலமானால் கேஸ்கெட்டை அரிக்கும், போல்ட் துளைக்குள் இறங்கி மரையையும் அரிக்கும். போல்ட் கழற்றும்போது மரையோடு அலுமினியத் தூள் சுருள் சுருளாக வந்தால் அந்தத் துளை முடிந்தது.

ஆனால் ஹீட் ஆனதும் ஹெட்டைக் கழற்றாதீர்கள். ரேடியேட்டர் பக்கத்து சர்ஜ் டேங்குக்கு ஒரு சின்ன ஹோஸ் வரும், என்ஜினில் சிக்கும் காற்றை வெளியே விடுவதற்கு. அது அடைத்தாலும் அதே அறிகுறிதான். என்ஜின் குளிர்ந்த நிலையில் டேங்க் பக்கம் அந்த ஹோஸைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். கூலண்ட் ஒழுக வேண்டும். வராவிட்டால் மெல்லிய கம்பி விட்டு அடைப்பை எடுங்கள். வந்தும் மேடு ஏறும்போது மட்டும் சூடாகிறது, கீழே சொட்டாமல் கூலண்ட் குறைகிறது என்றால், டேங்க் வாயில் நீலத் திரவச் சோதனை. என்ஜினுக்குள் எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

மஞ்சளானால் ஒரே வழிதான். சப்ஃபிரேமோடு (என்ஜினைத் தாங்கும் சட்டம்) என்ஜினைக் கீழே இறக்க வேண்டும். 20 துளைகளையும் பெரிதாகத் துளைத்து, டேப் போட்டு (புது மரை வெட்டி), எஃகு இன்சர்ட் அல்லது தடித்த ஸ்டட் இறக்க வேண்டும். போன நாலு துளையை மட்டும் செய்து மிச்சம் பிடிப்பவர்கள் அடுத்த வருடம் மறுபடி இறக்குவார்கள். துளை நேராக இறங்க ஜிக் (துளைப்பானை வழிநடத்தும் சட்டம்) தேவை, கைத் துளைப்பான் போதாது. துளைக்குள் சில்லும் எண்ணெயும் இல்லாமல் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஹெட் வளைவை நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். பழைய போல்ட் வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்டேக்குக்கு அடியில், இரண்டு ஹெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். என்ஜின் வெளியே இருக்கும்போதே அதையும் பாருங்கள், பிறகு தனியாகத் திறக்க வேண்டிவரும்.

வால்துடுப்பு அண்ணா கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. 4.9 நல்ல என்ஜின்தான். ஆனால் அது நிலைபெற்ற உடனே, மேலே ஏற்றிவைத்து விற்றது நார்த்ஸ்டாரை. போன பேர் திரும்பி வருவதற்குள் அடுத்த அடி விழுந்தது.

கிழக்குச்சாலை:

முத்திரை மாற்றி விற்றதுதான் கொன்றது என்றால் கேடிலாக்கின் பெரிய எஸ்யூவியான எஸ்கலேடை எங்கே வைப்பீர்கள், வால்துடுப்பு?

1998-இல் போட்டிக் கம்பெனியான லிங்கனின் பெரிய எஸ்யூவி நேவிகேட்டரால் கேடிலாக் ஆட்டம் கண்டது. அந்த வருட விற்பனையில் லிங்கனை 222 வண்டியில் முந்திவிட்டோம் என்று அறிவித்தார்கள். 1999-இல், 4,773 வண்டிகளைக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று ஜிஎம்மே ஒப்புக்கொண்டது. நேவிகேட்டருக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் பிறந்ததுதான் 1999 எஸ்கலேட். ஜிஎம்சி யூகான் டெனாலிக்கு கிரில்லும் முத்திரையும் தோலும் மாற்றியது, அவ்வளவுதான். சிமரோனைவிட வெளிப்படையான வேலை. ஆனால் கேடிலாக்கைத் தூக்கி நிறுத்தியது அந்த வண்டிதான்.

வால்துடுப்பு:

நல்ல கேள்வி. என் பதில்: எஸ்கலேட் பெரியது. சிமரோன் சின்னது. கேடிலாக் வாங்க வருபவர் எதற்கு வருகிறார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. வாசலில் நிறுத்தினால் தெரு திரும்பிப் பார்க்க வேண்டும். எஸ்கலேட் அதைச் செய்தது, 1959 துடுப்பும் அதைத்தான் செய்தது. ஆகவே ‘முத்திரை மாற்றியது’ என்ற என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். தவறு முத்திரையில் இல்லை, முத்திரைக்குப் பொருந்தாத உடலில்.

டார்க்ரெஞ்ச்:

உடலோடு இதயத்தையும் சேருங்கள் அண்ணா. முதல் எஸ்கலேடில் இருந்தது 5.7 லிட்டர் லாரி வி-8. 2002-இல் 6.0 லிட்டர், 345 குதிரைத்திறன். இரண்டும் ஒற்றை கேம், புஷ்ராட், இரும்பு பிளாக். பிக்கப்பில் பாரம் இழுத்துப் பழகிய சாமான். முத்திரை போலியாக இருந்தாலும் உள்ளே இருந்தது நம்பகமான இரும்பு. சிமரோனிடம் அதுவும் இல்லை.

எல்லா நேரமும் கேடிலாக் ஆட்கள் முட்டாள்களும் அல்ல. 1975 எரிபொருள் சட்டம், 1985-க்குள் கார்கள் காலனுக்குச் சராசரி 27.5 மைல் தர வேண்டும் என்றது. 1979-இல் எண்ணெய் நெருக்கடி. 1981 வி8-6-4-இன் யோசனை சரியானது: சீரான வேகத்தில் இரண்டு அல்லது நாலு சிலிண்டரின் வால்வுகளை சோலினாய்டு (மின்காந்தக் கருவி) வைத்து மூடியே வைப்பது. அந்தக் காலக் கணினிக்கு முடிவெடுக்கும் வேகம் இல்லை, வண்டி குலுங்கியது. டீலர்கள் ஒரே ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு எப்போதும் எட்டிலேயே ஓட விட்டார்கள். அப்படி விட்டால் அந்த 6.0 லிட்டர் என்ஜின் கல் மாதிரி. அதே யோசனை இன்று எத்தனையோ என்ஜின்களில் சத்தமில்லாமல் ஓடுகிறது.

பல்சக்கரம்:

யோசனையைக் குறை சொல்லவில்லை டார்க்ரெஞ்ச். சோதித்து முடிக்காத யோசனையை வாடிக்கையாளர் பணத்தில் சோதித்ததைத்தான் சொல்கிறேன்.

பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு: 2025 ஏப்ரலில் ஜிஎம் 6.2 லிட்டர் எல்87 என்ஜின் போட்ட 2021 முதல் 2024 வரையிலான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6,00,000. எஸ்கலேடும் அதில் உண்டு. காரணம் என்ன என்று படித்தால் மனசு வலிக்கிறது: கனெக்டிங் ராடிலும் கிராங்க்கின் ஆயில் வழியிலும் தங்கிய கசடு, கூடவே குறித்த அளவுக்கு வெளியே போன கிராங்க் ஷாஃப்ட். லேலண்ட் 1908-இல் 89 பாகத்தை மாற்றி நிரூபித்த அதே அளவுத் துல்லியத்தில் தவறியிருக்கிறார்கள். எஸ்கலேட் பெரியது, தெரு திரும்பிப் பார்க்கும், எல்லாம் சரி. நெடுஞ்சாலையில் என்ஜின் நின்றாலும் தெரு திரும்பித்தான் பார்க்கும்.

வால்துடுப்பு:

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஆனாலும் எஸ்கலேடை மக்கள் விட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். 4100-ஐச் சகித்துக்கொண்டே 76,000 பேர் வாங்கியதுபோல.

டார்க்ரெஞ்ச்:

யாராவது அந்த 2021 முதல் 2024 வரையிலான எஸ்கலேடை செகண்ட் ஹேண்டாக வாங்கப் பார்த்தால்: வண்டி எண்ணை வைத்து ரீகால் வேலை முடிந்ததா என்று முதலில் பாருங்கள். சோதனையில் தேறிய என்ஜினுக்கு 0டபிள்யூ-20-க்குப் பதில் 0டபிள்யூ-40 ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, ஆயில் மூடியையும் மாற்றித் தருகிறார்கள். மூடியில் பழைய எண்ணே இருந்தால் வேலை நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலை வடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள், மினுமினுப்பு தெரிந்தால் பேரம் பேசவே வேண்டாம்.