மழைக்காலத்துக்கு டின் சாமான் எடுத்து வைக்க: எது, எவ்வளவு?

மஸ்கெலியா_மழை
2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது எங்கள் தோட்டத்து ரோட்டில் மண் சரிந்து, ஐந்து நாள் ஒரு லொறியும் மேலே வரவில்லை. கரண்டும் இல்லை. இரண்டாம் நாளே கடையில் பருப்பு முடிந்தது, மூன்றாம் நாள் மெழுகுதிரியும் இல்லை. இனி மாதம் இரண்டு மூன்று டின்னாக வாங்கி ஒதுக்கலாம் என்று இருக்கிறோம். வீட்டில் நாலு பேர், மாமியாருக்குப் பிரஷர். மீன் டின்னையே ஒரு பெட்டி வாங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர், எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. எது எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன்_கடைக்காரன்
தங்கச்சி, மீன் டின் நல்லதுதான், ஆனால் பெட்டியோடு வாங்க வேண்டாம். முதலில் ஒன்று வாங்கிச் சமைத்துப் பாருங்கள். பிள்ளைகள் தொடாத சாமானை அடுக்கி வைத்து என்ன பிரயோசனம்? 425 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தால் மீன் ஏறக்குறைய 280 கிராம்தான் இருக்கும், விலையைப் பார்க்கும்போது அதையும் யோசியுங்கள். எஸ்எல்எஸ் என்கிற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கையில் எடுத்ததும் மேல்மூடியையும் அடிமூடியையும் பெருவிரலால் அமுக்குங்கள். அசையாமல் இருந்தால் சரி. உள்ளே போய் ‘டக்’ என்று திரும்பி வந்தால் அந்த டின்னை வைத்துவிட்டு வாருங்கள். உப்பியது, கசிவது எதுவும் வேண்டாம். வயிற்றுப் பக்கம் லேசான நசுங்கல் பரவாயில்லை, மூடியும் உடம்பும் சேரும் விளிம்பில் நசுங்கியிருந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். அந்த ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்தால் போதும், கிருமி போய்விடும். காற்றில்லாத டின்னுக்குள் வளரும் போட்டுலிசம் கிருமியின் நஞ்சு மணத்திலோ ருசியிலோ தெரியாது, அதனால் சந்தேகம் வந்த டின்னை நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

ஹப்புத்தளை_மூடுபனி
அண்ணன் சொன்னது வாங்கும்போது. வாங்கி வந்த பிறகு நம் பக்கத்தில் டின்னுக்கு எதிரி ஈரம். இங்கே குளிர் என்பதால் கொழும்பு வெயிலை விட நல்லாத்தான் இருக்கும் என்று நினைத்து நான் பதினெட்டு டின்னைக் கட்டிலுக்கு அடியில் சீமெந்துத் தரையிலேயே வைத்தேன். ஆறு மாதத்தில் அடியெல்லாம் துரு, பேப்பர் லேபல்கள் ஊறிக் கழன்று ஒரே குவியல். ஒரு நாள் மீன் குழம்புக்கு வெங்காயமெல்லாம் வதக்கி, மிளகாய்த்தூளும் போட்டுவிட்டு டின்னைத் திறந்தால் அன்னாசி! வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இப்போது பலகைத் தட்டில், சுவரை ஒட்டாமல் வைக்கிறேன். பெயரையும் காலாவதி திகதியையும் மூடியில் மார்க்கரால் எழுதிவிடுவேன். துணியால் துடைத்தால் போகிற துருவுக்குப் பயமில்லை, தகரத்தைக் குழி பறித்திருந்தால் வீசிவிட வேண்டியதுதான்.

காலம் கேட்டீர்கள். தக்காளி, அன்னாசி மாதிரிப் புளிப்பானவை ஒன்றரை வருடத்துக்குள் முடிக்க வேண்டியவை, அந்தப் புளிப்பே தகரத்தை அரிக்கும். மீன், கடலை, பீன்ஸ், இறைச்சி இரண்டு முதல் ஐந்து வருடம் தாங்கும். ஆனாலும் திகதி கிட்ட வருவதை முன்னால் வைத்துச் சமைத்துவிட்டு, புதியதைப் பின்னால் அடுக்குங்கள். கரண்ட் இல்லாத நாளில் பெரிய டின்னைத் திறந்தால் மிச்சத்தை வைக்க இடமில்லை, அதனால் நான் 155 கிராம் டின்களைத்தான் கூடுதலாக வாங்குகிறேன். கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் விலை கூடத்தான், என்ன செய்வது. மாமியாருக்கு டின் தண்ணீரை ஊற்றிவிட்டு, கடலையை நன்றாகக் கழுவிப் போடுங்கள், உப்பு குறையும். டின் வெட்டியை மறக்காதீர்கள்! கத்தியால் திறக்கப் போய் என் தம்பி விரலை வெட்டிக்கொண்டான்.

கொஸ்லந்தைக்காரன்
எல்லாம் சரி, ஒன்று மட்டும் கேட்கிறேன். ரோடு மூடி வீட்டிலேயே இருக்கிற நாளுக்கு டின் உதவும். மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால்? அப்போது வெளியேற வேண்டும். 425 கிராம் டின் பன்னிரண்டு என்றால் ஐந்து கிலோவுக்கு மேல், தகரத்தின் பாரம் வேறு. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து வீடுகளை மூடிய கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். டின்னைத் தேடிக்கொண்டு நிற்கிற நேரமில்லை அது. கதவுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பை இருக்கட்டும்: பிஸ்கட், கடலை, தண்ணீர், மாமியாரின் மருந்து, அடையாள அட்டை, டோர்ச். டின் என்றால் இழுத்துத் திறக்கிற மூடி உள்ளது இரண்டு போதும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம், டின்னைப் பற்றியே பேசுகிறோம். அரிசி, பருப்பு, நெத்தலிக் கருவாட்டை மூடி இறுக்கமான வாளியில் வைத்தால் காசும் மிச்சம். ஆனால் சமைக்க விறகு நனையாமல் இருக்க வேண்டுமே!

மஸ்கெலியா_மழை
எல்லாருக்கும் நன்றி. பையை நான் யோசிக்கவே இல்லை. அவரிடம் காட்டினேன், பெட்டிக் கதையை விட்டுவிட்டார். இந்த மாதம் சின்ன மீன் டின் நாலு, கடலை இரண்டு, ஒரு டின் வெட்டி. அக்கா, மார்க்கர் ஈரத்தில் அழியாதா?

ஹப்புத்தளை_மூடுபனி
பெர்மனன்ட் மார்க்கர் என்று கேட்டு வாங்குங்கள். மூடியைத் துடைத்துக் காய வைத்துவிட்டு எழுதினால் அழியாது.