ஆத்தங்கரை வீடு: மே லீவுக்கு யார் யார் வர்றீங்க?

அக்கா (ராணிப்பேட்டை): பசங்களுக்கு லீவு விட்டாச்சு. ஊருக்கு எப்போது போகிறோம் என்று இன்றைக்கே முடிவு பண்ணுங்க. கடைசி நேரத்தில் ஆளுக்கு ஒரு தேதி சொல்லாதீங்க.

சின்னண்ணன் (பெங்களூரு): நான் சிரசுத் திருவிழாவுக்கு வருகிறேன். வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மனைப் பார்த்துவிட்டு அப்படியே ஊருக்கு வந்துவிடுவேன்.

அக்கா: அந்தக் கூட்டத்தில் வண்டியோடு வராதே. பஸ்ஸில் வா.

அக்கா பையன்: ஊரில் என்ன மாமா இருக்கு? டவர்கூடக் கிடைக்காது. ஏலகிரி போகலாம், அங்கே போட்டிங் இருக்கு.

சின்னண்ணன்: 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, புங்கனூர் ஏரியில் கொஞ்ச நேரம் பெடல் மிதித்துவிட்டு, மறுபடியும் 14 வளைவு இறங்கணும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மிதிக்கிற நேரத்தைவிட வரிசையில் நிற்கிற நேரம்தான் அதிகம்.

அக்கா பையன்: நம்ம ஆத்தில் மிதிக்கக்கூடத் தண்ணி இல்லையே. மே மாசம் வெறும் மணல்.

பெரியண்ணன் (ஊர்): டேய், நம்ம பக்கத்து ஆறெல்லாம் ஐப்பசி கார்த்திகையில்தான் மேலே ஓடும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டுப் போனதை நீயே வாலாஜா பக்கம் பார்த்தவன்தானே. மற்ற மாசங்களில் தண்ணி மணலுக்குக் கீழே இருக்கும். நீ வா, ஊற்று தோண்டக் கற்றுத் தருகிறேன்.

அக்கா பையன்: தோண்டுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கு?

பெரியண்ணன்: இருக்கு. தடுப்பணைக்குக் கீழே நாணல் பச்சையாக நிற்கிற இடமாகப் பார்த்து உட்காரணும். கடப்பாரை எல்லாம் வேண்டாம், கையே போதும். ஆனால் அகலமாகத் தோண்டணும். குறுகலாகப் போனால் பக்கத்து மணல் சரிந்து குழியை மூடிவிடும். முழங்கை ஆழத்தில் மணல் நிறம் மாறும், கையில் ஒட்டும். அப்புறம் ஓரத்திலிருந்து தண்ணி கசிய ஆரம்பிக்கும். முதலில் வருவது கலங்கல். அதைக் கொட்டாங்குச்சியால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருக்கணும். அவசரப்பட்டு அடியைக் கிளறக்கூடாது. கொஞ்ச நேரத்தில் அடியில் கிடக்கிற ஒவ்வொரு மணலும் தனியாகத் தெரியும்.

நான்: அம்மாவும் நானும் அந்தத் தண்ணியைத்தான் குடத்தில் கொண்டு வருவோம். சோறு வடித்தால் மல்லிகைப் பூ மாதிரி இருக்கும். இப்போது குடிக்கலாமா அண்ணி?

அண்ணி: வேண்டாம்மா. மேலே ஆடு மாடெல்லாம் இறங்குது. விளையாடட்டும், குடிக்க வீட்டில் தண்ணி இருக்கு. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் மணல் அள்ளின பள்ளங்களில் தண்ணி நிற்குது. பார்த்தால் இடுப்பளவுதான் என்று தோன்றும், காலை வைத்தால் ஆளையே முழுங்கும். அங்கே பிள்ளைகள் யாரும் போகக்கூடாது. பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சின்னண்ணன்: எனக்குத்தான் இது 😀

அண்ணி: உங்களுக்கேதான்.

அக்கா: நீச்சல் பழக வேண்டும் என்றால்?

பெரியண்ணன்: நம்ம கிணறு இருக்கே, படி வைத்த கிணறு. நமக்கு அப்பா முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டார். இப்போது குடுக்கைக்கு எங்கே போவது, மூடியை இறுக்கின ஐந்து லிட்டர் கேன் ரெண்டு கட்டிக்கொள்ளலாம். கயிற்றின் ஒரு முனை என் கையில் இருக்கும். நான் இல்லாமல் ஒருத்தரும் படி இறங்கக்கூடாது.

நான்: என் பொண்ணு மீன் பிடிக்கணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

பெரியண்ணன்: தடுப்பணைக் குட்டையில் கணுக்கால் தண்ணிதான். ரெண்டு பேர் துண்டின் நாலு முனையையும் பிடித்துக்கொண்டு ஓரமாக வாரினால் பொடி மீன் வரும். கெளுத்தி மாட்டினால் மட்டும் வெறும் கையால் தொடக்கூடாது. பக்கத்து முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். அப்புறம், ஜவ்வாது மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு இடி இடித்தால் துண்டைப் போட்டுவிட்டுக் கரை ஏறிவிடணும். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் இறங்கி வந்துவிடும்.

அக்கா பையன்: சரி மாமா, பகலில் இதெல்லாம். ராத்திரி என்ன பண்ணுவது?

நான்: மொட்டை மாடியில் பாய் போட்டுப் படு. வடக்கே சப்தரிஷி மண்டலம் நிற்கும். ஒன்பது மணிக்கு மேல் தென்கிழக்கில் விருச்சிகம் ஏறும், கொடுக்கு வரை தெரியும். சென்னையில் எனக்கு நிலா மட்டும்தான் தெரிகிறது.

சின்னண்ணன்: ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகலாமே. வைணு பாப்பு ஆய்வகத்தில் பொதுமக்களுக்குத் தொலைநோக்கியில் காட்டுகிறார்கள்.

அக்கா பையன்: அந்தப் பெரிய டெலஸ்கோப்பிலேயா?!

சின்னண்ணன்: அதைச் சுற்றிப் பார்க்கலாம். 2.3 மீட்டர் கண்ணாடி, 1986 முதல் வேலை செய்கிறது. நம்ம கண்ணுக்குக் காட்டுவது சின்னதில். மேகம் வந்தால் அதுவும் கிடையாது, அதனால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்பணும்.

அக்கா: அது திருப்பத்தூர் மாவட்டம் இல்லையா?

சின்னண்ணன்: 2019 வரைக்கும் வேலூர்தான். நீ இருக்கிற ராணிப்பேட்டையும் அப்படித்தான். அப்பாவைக் கேட்டிருந்தால் எல்லாம் வடாற்காடு என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்.

அண்ணி: ஆயா சொல்லச் சொன்னாங்க. தோப்பில் நுங்கு வெட்டுகிற பதத்தில் இருக்காம். தாமதம் பண்ணினால் முற்றிவிடும். நுங்கு தின்ற வெறும் கூந்தலில் (மட்டைக் கூட்டில்) வண்டி பண்ண கவட்டைக் குச்சியை அவங்களே வெட்டி வைத்துவிட்டாங்க.

அக்கா பையன்: எத்தனை வண்டி?

அண்ணி: பேரப்பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒன்று. பெங்களூரு மாமாவும் ஒன்று கேட்கிறார்.

அக்கா: அப்போ ஏலகிரி?

அக்கா பையன்: தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்மா.

நான்: நான் காட்பாடியில் இறங்கி வருகிறேன். கடைசி பஸ் இன்னும் ஓடுதா அண்ணா?

பெரியண்ணன்: ஓடுது, ஆனால் நம்பி வராதே. இருட்டுகிறதுக்குள் கூட்ரோடு வந்துவிடு, டிராக்டரோ பைக்கோ ஒன்று அனுப்புகிறேன்.

சின்னண்ணன்: வருகிற வழியில் ஆம்பூரில் இறங்கி எல்லோருக்கும் பிரியாணி வாங்கி வரட்டுமா?

அண்ணி: இந்த வெயிலில் கட்டிக்கொண்டு வந்தால் ஊர் வருவதற்குள் கெட்டுப்போகும். இங்கே நாட்டுக்கோழி இருக்கு. நீங்க வரும்போது ஐஸ்கட்டி மட்டும் வாங்கி வாங்க, நுங்கைப் பாலில் போட்டுத் தருகிறேன்.