மேக்கிங் ஆவணப்படத்துல பெரியம்மாவோட கை மட்டும்தானா?

காசிமேட்டுப்பொண்ணு:
நம்ம காசிமேட்டுல எடுத்த படத்தோட மேக்கிங் ஆவணப்படம் நேத்து வந்துச்சு, ராத்திரியே பார்த்துட்டேன். 40 நிமிஷம். இயக்குநர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், ஹீரோ பேசுறாங்க. அதுல ஒரு பொம்பள இல்ல, ஒரு வடசென்னை ஆள் இல்ல. ஹீரோயினுக்கு மீன் வெட்டச் சொல்லிக் குடுத்தது எங்க பெரியம்மா. மூணு நாள். அருவாமனையை எந்தக் காலால அமுக்கணும், சங்கராவை வால் பக்கமிருந்து எப்படிச் செதில் எடுக்கணும், எல்லாம். ஆவணப்படத்துல அவங்க கை மட்டும் வருது. மோதிர விரல்ல இருக்குற வெட்டுத் தழும்பை வெச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. மேல இயக்குநர் குரல், இந்த மக்களோட வாழ்க்கையை அப்படியே கொண்டாந்தோம்னு.

லைட்யூனிட்_ராயபுரம்:
தங்கச்சி, வருத்தம் புரியுது. 16 வருஷமா யூனிட்ல இருக்கேன். மேக்கிங் எடுக்க ஒரு பையன், ஒரு கேமரா, அவ்ளோதான். யாரைப் பேட்டி எடுக்கணும்னு படத்தோட விளம்பர வேலையைப் பாக்குறவங்க லிஸ்ட் குடுத்துடுவாங்க. படத்தை விக்கிற முகம்தான் அதுல வரும். ராத்திரி பூரா ஜெனரேட்டர் வேன்கிட்ட டீசல் புகையில நிக்கிற நாங்களும் அதுல இல்ல. உழைச்சவங்க பேருக்கு இடம் டைட்டில் கார்டு.

காசிமேட்டுப்பொண்ணு:
டைட்டில்ல வந்தது "காசிமேடு பொதுமக்களுக்கு நன்றி". நடிகைக்குத் தொழில் கத்துக்குடுத்தவங்க பொதுமக்களாண்ணே?

வியாசை_வாசகன்:
ராயபுரம் அண்ணன் சொல்வதை ஏற்க முடியவில்லை. 2014-ல் மெட்ராஸ், 2021-ல் சார்பட்டா பரம்பரை என்று திரையில் நம் முகம் மாறியிருக்கிறது. திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்வையாளருக்கு எப்படித் தெரியும்? மும்பை சினிமா மேக்கப் கலைஞர் சங்கம் பெண்களைச் சிகை அலங்காரம் மட்டும் செய்யவிட்டது, மேக்கப் போட உறுப்பினர் அட்டை தரவில்லை. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது மாறியது. இங்கே பி.ஆர்.விஜயலட்சுமி 1985-லேயே சின்ன வீடு படத்துக்கு ஒளிப்பதிவு செய்துவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் கேமரா பக்கத்தில் ஒரு பெண் நின்றால் படப்பிடிப்பில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தக் கதவுக்குள் எட்டிப் பார்க்க நமக்கிருக்கும் ஜன்னல் மேக்கிங்தான்.

தண்டையார்பேட்டை_77:
நான் ஒத்துக்க மாட்டேன். நம்மாளும் இருக்கான்னு காட்டணும்னு ஒருத்தனைப் புடிச்சு உக்கார வெப்பாங்க. அப்புறம் இன்னா கேப்பாங்க? என் தம்பி உதவி இயக்குநர். ஒரு மேக்கிங்ல அவன்கிட்ட ஷாட்டைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. வூட்ல கக்கூஸ் இருந்துச்சா, அப்பா குடிப்பாரான்னு கேட்டு, பின்னாடி வயலின் ஓட்டிட்டானுங்க. அவன் ஒரு வாரம் வேலைக்கே போவல. அப்படிக் காட்டுறதுக்குக் காட்டாமலே இருக்கட்டும்.

காசிமேட்டுப்பொண்ணு:
அண்ணே, உங்க தம்பிக்கு நடந்தது அநியாயம். பெரியம்மாகிட்டயும் கஷ்டத்தைக் கேக்க வேணாம், வேலையைக் கேக்கட்டும். கத்தியில்லாம ஏன் அருவாமனைன்னு கேட்டா அரை மணி நேரம் பேசுவாங்க. அந்தப் பேச்சு இயக்குநர் பேச்சுக்குப் பக்கத்துல வரட்டும்.

தண்டையார்பேட்டை_77:
அப்படிக் கேக்குறவன் எவன் இருக்கான்? எடிட் டேபிள்ல நம்மாள் உக்கார்ற வரைக்கும் நம்ப மாட்டேன்.

லைட்யூனிட்_ராயபுரம்:
தங்கச்சி, எடிட் பண்ண பையனைத் தெரியும். ஏத்தின வீடியோவை மாத்த முடியாது, கீழ விவரத்துல பேரைச் சேக்கச் சொல்றேன். பெரியம்மா பேர் தனியா அனுப்பு.

காசிமேட்டுப்பொண்ணு:
விடிகாலை ஏலத்துக்குப் போயிருக்காங்க. வந்ததும் அவங்களையே கேக்குறேன். வீட்டுக்காரர் பேரைச் சேத்துப் போடச் சொல்வாங்களா, வேணாம்பாங்களான்னு எனக்குத் தெரியாது.